கஸ்பர் அண்ணை சொன்னால் சரி

புதுக் கமரா வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்று ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பாளரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஜப்பானில் இருக்கும் கொம்பனிக்காரர் தங்கள் வசதிக்கு ஒரு நேரம் பார்த்து வீடியோவைப் போட்டுவிட்டார்கள். இங்கே ஆட்கள் காலைக் கோப்பியைக் குடித்து முடிக்குமுன் வட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. கலியாணம், சாமத்திய வீடு, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள், செத்தவீடு என்று தமிழர் கூடுகிற இடமெல்லாம் கமராவும் கையுமாக நிற்கிற அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

ஒருவர் தலையில் கைவைத்து எழுதினார். அவர் சமீபத்தில்தான் இரண்டு கமரா புதிதாக வாங்கியிருந்தார். "நான் காசைக் குடுத்து வாங்கினாப் பிறகுதான் உவங்களுக்கு மூளை வேலை செய்யும்" என்று கொம்பனிக்காரரைத் திட்டினார். இன்னொருவர் குரற்பதிவு போட்டார், அழாக்குறை. "பொம்பிளை வீட்டுக்காரர் இப்பவே கேக்கினம், உங்களிட்டை அது இருக்கோ எண்டு. அட, அது இன்னும் கடைக்கே வரேல்லையப்பா!" வேறொருவர் தன் லென்ஸ்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டுவிட்டார். மனுசியிடம் கேட்டாரோ தெரியாது. கேட்டிருக்கமாட்டார்.

இவ்வளவு அமளிக்கும் நடுவில் எல்லாரும் ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கஸ்பர் அண்ணை என்ன சொல்லுறார்?

கஸ்பர் மன்னார்ப் பக்கத்து ஆள். ஐம்பது தாண்டி விட்டது. இந்த ஊரில் பாதிப் பேருடைய கலியாணப் படம் அவர் எடுத்தது. இப்போது அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகளுடைய கலியாணமும் வரத் தொடங்கிவிட்டது. எந்த ஹோலில் வெளிச்சம் மோசம், எந்த ஐயர் அவசரக்காரர், எந்த லென்ஸ் வாங்கினால் பிறகு ஒப்பாரி வைக்கத் தேவையில்லை, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். குழுவில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் யாராவது, "கஸ்பர் அண்ணை சொன்னால் சரி" என்று எழுதுவார்கள். அதோடு சண்டை முடியும்.

அப்படிப்பட்ட கஸ்பர், ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு, தன் மனைவி றோசலின் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரால் வாசிக்க முடியாது. கஸ்பருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முழுக் குருடு என்று நினைத்துவிடாதீர்கள். இடது கண் பிறவியிலேயே மங்கல். வலது கண்ணால்தான் இவ்வளவு காலமும் பிழைத்தார். சீனி வருத்தம் வந்து அந்த வலது கண்ணின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. ஓரமெல்லாம் தெரியும், நடு தெரியாது. ஒருவரை நேரே பார்த்தால் காது தெரியும், தலைமயிர் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு. முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் தோளைப் பார்க்கவேண்டும். கண்ணுக்குள் ஊசி போட்ட டொக்டர், இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்.

பிறகு எப்படிப் படம் எடுத்தார் என்று கேட்பீர்கள். இந்தக் காலத்துக் கமரா முகத்தைத் தானே தேடிப் பிடித்து அதற்குமேல் ஒரு பச்சைப் பெட்டி போடும். பெட்டி விழுந்தால் கஸ்பர் பட்டனை அமத்துவார். எங்கே நிற்பது, எப்போது குனிவது என்பதெல்லாம் கால்களுக்கே மனப்பாடம். எடுத்த ஆயிரக்கணக்கான படங்களையும் றோசலின் வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, மங்கலானதையெல்லாம் கழித்துவிடுவாள். வாடிக்கையாளர் கண்ணில் படுவது நல்லவை மட்டும். கார் ஓடுவதையும் விட்டுவிட்டார். றோசலினுக்கு வேலைக்குக் கார் தேவை என்று ஒரு சாட்டு. அவரை வேலைக்கு ஏற்றி இறக்குவது அவருடைய தொழில் கூட்டாளி றூபன். அவன் கலியாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். பக்கத்தில் இருந்து வருகிறவனுக்கே விசயம் தெரியாது.

தெரிந்தால் என்ன நடக்கும் என்று கணவனுக்கும் மனைவிக்கும் நன்றாகத் தெரியும். கண் தெரியாத படப்பிடிப்பாளனை எந்தப் பொம்பிளை வீட்டார் கூப்பிடுவார்கள்? டோர்செட் பார்க்கில் கரப்பான் பூச்சியோடு பங்குபோட்டு இருந்த அப்பார்ட்மென்டை விட்டு இந்த வீட்டுக்கு வர றோசலின் பட்ட பாடு கொஞ்சமில்லை. "நீங்கள் வாயைத் திறந்தீங்களெண்டா வீடு போச்சு" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். மிரட்டலில்லை, பயம்.

அன்று காலை றோசலினுடைய குரலில் கொஞ்சம் சந்தோசம் இருந்தது. "இஞ்சேருங்கோ, இந்தக் கமராவுக்கு இருட்டுக் கிருட்டு ஒண்டும் பிரச்சனை இல்லையாம். எவ்வளவு சனத்துக்குள்ளை நிண்டாலும் ஆளை விடாதாம்."

கஸ்பருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தோனியாரே, எனக்காகத்தான் இதைச் செய்திருக்கிறாங்கள் என்று நினைத்தார். அவ்வளவு கெட்டிக்காரக் கமரா கையில் இருந்தால் இன்னும் சில வருசம் சமாளிக்கலாம்.

அந்தச் சந்தோசம் றூபனுடைய தொலைபேசி அழைப்பு வரும்வரைக்கும்தான்.

"அண்ணை, வீடியோ பாத்தனீங்களோ? முக்கியமான விசயம் என்ன தெரியுமோ? கமராவுக்குள்ளை இன்னொரு குட்டிக் கமரா இருக்கு. அது எங்கட கண்ணைப் பாத்துக்கொண்டிருக்கும். நாங்கள் எதைப் பாக்கிறமோ அதிலை போய் போகஸ் நிக்கும். பட்டன் ஒண்டும் அமத்தத் தேவையில்லை, சும்மா பாத்தாக் காணும்!"

கஸ்பர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் ஓடர் பண்ணிப்போட்டன்" என்றான் றூபன். "நிலக்சியின்ர கலியாணத்துக்கு முதல் கையிலை வந்திடும். நான் தோழன், மணவறையிலை இருக்கோணும், என்னாலை ஒண்டும் எடுக்கேலாது. நீங்கள்தான் எடுக்கிறியள். உங்கட கண்ணும் உந்தக் கமராவும் ஒண்டு சேந்தா, அண்ணை, நினைச்சுப் பாருங்கோ!"

கஸ்பர் நினைத்துப் பார்த்தார். நிலக்சி றூபனுடைய ஒரே தங்கை. தகப்பன் இல்லாத வீடு, றூபன்தான் அவளை வளர்த்தான். அந்தக் கலியாணத்தில் இவர் தோளைப் பார்த்தால் கமரா தோளில் நிற்கும். சுவரைப் பார்த்தால் சுவரில் நிற்கும். ஊரெல்லாம் மறைத்ததை ஒரு கமராவிடம் மறைக்க முடியாது.

"என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?"

"பாப்பம்" என்றார் கஸ்பர். "கையிலை எடுத்துப் பாத்துத்தான் சொல்லலாம்."

அதுவும் அவர் எதிர்பார்த்ததைவிடக் கெதியாக வந்து சேர்ந்தது. மார்க்கம் நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கொம்பனிக்காரர் கமராவைத் தொட்டுப் பார்க்க ஒரு நாள் ஒழுங்கு செய்தார்கள். எங்கள் ஆட்கள் கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் கூட்டமாகப் போனார்கள். கஸ்பர் தலையிடி என்று சொல்லிப் பார்த்தார். றூபன் விடுவானா? வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தான்.

மண்டபத்தின் ஒரு பக்கத்தில் சேலை உடுத்த ஒரு பெண்ணைப் பூமாலைகளுக்கு நடுவில் இருத்தியிருந்தார்கள். கமராவில் எடுக்கிற படம் உடனே பெரிய ரீவியில் விழும். கொம்பனி அனுப்பிய பெண் ஆங்கிலத்தில் தேனாக ஒழுகினாள். அவளிடம் கமராவை வாங்கி ஒவ்வொருவரும் கண்ணில் வைக்க வைக்க, "அடி சக்கை!", "ஐயோ, இதென்னடா பேய் வேலை!" என்ற சத்தம். துர்க்கா என்று ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்தவள், குழுவிலேயே இளையவள். அவள் பெண்ணைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், பின்னால் நின்ற தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள். பார்த்ததெல்லாம் ரீவியில் பளிச்சென்று விழுந்தது. "திஸ் இஸ் இன்சேன்" என்று கத்திவிட்டாள்.

"வழி விடுங்கோ, கஸ்பர் அண்ணை பாக்கட்டும்" என்றான் றூபன்.

சனம் விலகியது. கமரா முதலில் ஆளுடைய கண்ணைப் படிக்கவேண்டும் என்று கொம்பனிப் பெண் விளக்கினாள். உள்ளே ஒரு புள்ளி தெரியும், அதை நேரே பார்த்துக்கொண்டு அமத்தவேண்டும், பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கங்களில். கஸ்பர் கண்ணை வைத்தார். நேரே பார்த்தார். புள்ளி இல்லை. கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் ஓட்டினார், புள்ளி ஓரத்தில் எட்டிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் அதையும் காணவில்லை. கமரா, திரும்பவும் பார் என்றது. பார்த்தார். திரும்பவும் பார் என்றது. பிடரியில் வியர்த்து ஓடியது. கடைசியில் அதற்கே அலுத்துப்போய் சரி என்று விட்டது.

படம் எடுத்தார். ரீவியில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தொங்கிய திரையின் நூல் நூலாகத் தெரிந்தது. பெண் பனிமூட்டத்துக்குள் இருந்தாள். இன்னொன்று எடுத்தார். மேசைக் கால். இன்னொன்று. யாரோ ஒருவருடைய முழங்கை.

கொம்பனிப் பெண் பணிவாக, சிலருடைய கண்ணுக்கு இரண்டாம் முறை படிப்பிக்கவேண்டி வரும் என்றாள். சிலருடைய கண்ணுக்கு. கஸ்பருக்குப் பொறி கலங்கியது. எல்லாரும் என் கண்ணைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. என்ர கண் சரியில்லை என்று மூன்று சொல். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"உது பிஞ்சு" என்றார், கமராவை மேசையில் வைத்துக்கொண்டு. "இன்னும் பழுக்கேல்லை. உதைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோனா மானம் போகும்."

துர்க்கா மட்டும், "பட் அங்கிள், எனக்கு நல்லாத்தானே வேர்க் பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

"பிள்ளை, நீ பிறக்க முதல் அவர் கமரா தூக்கினவர்" என்று ஒருவர் அவளை அடக்கினார். சற்று முன் பேய் வேலை என்று வாயைப் பிளந்தவரும் அவரேதான்.

வீட்டுக்குப் போய்ச் சேருமுன் குழுவில் செய்தி ஓடிவிட்டது. கஸ்பர் அண்ணை சொல்லிப்போட்டார், பிஞ்சாம். அதன்பிறகு பாருங்கள் கூத்தை! சேலைக் கரையில் இருக்கிற சரிகை மினுங்கினால் அது குழம்பிப் போகுமாம் என்று ஒருவர் எழுதினார். வெள்ளைக்காரருடைய நீலக் கண்ணுக்குத்தான் உது செய்தது, எங்கட கறுப்புக் கண்ணுக்குச் சரிவராது என்றார் இன்னொருவர். கண்ணுக்குள் கதிர் அடிக்கிறதாம், கனகாலம் பார்த்தால் குருடாக்கிவிடுமாம் என்று மூன்றாமவர். தங்கள் கையால் எடுத்துப் பார்த்து, தங்கள் கண்ணால் கண்டு மெச்சினவர்கள் இவர்கள்! ஒருவர்பின் ஒருவராக ஓடரைக் கான்சல் பண்ணினார்கள். லென்ஸ்களை விற்றவர் மட்டும் இரண்டு நாள் குழுவில் வாய் திறக்கவில்லை.

றூபனும் கான்சல் பண்ணினான். "நீங்கள் சொன்னாப் பிறகு எனக்கென்ன யோசினை, அண்ணை?"

கஸ்பர் அன்று சாப்பிடவில்லை. "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். நான் அதைத்தான் செய்துபோட்டு வந்திருக்கிறன்" என்று றோசலினிடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் றோசலின். "உங்களிட்டைப் பழைய கமரா இருக்கு. இவ்வளவு நாளும் எடுத்தமாதிரி எடுங்கோ. வாறதை நான் பாக்கிறன்."

பழமொழியில் வருகிற ஆட்டக்காரி கொடுத்து வைத்தவள். அவளை யாரும் நம்பவில்லை. கஸ்பர் சொன்னதை ஊரே நம்பியது. நம்ப நம்ப அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. நிலக்சியின் கலியாணத்தை மட்டும் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். அதற்கு என்ன காரணம் சொல்வது? காரணம் ஒன்றுதான் இருந்தது.

கலியாணம் ஆவணியில், ஸ்காபரோவில் ஒரு ஹோலில் நடந்தது. காலையில் பொம்பிளை வீட்டுக்குப் போனபோது றூபனின் தாய் சந்திரவதனா கஸ்பருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி கஸ்பர், இவளின்ர அப்பா இல்லை. தாலி கட்டுற படம் ஒண்டு பெரிசா வேணும். அவரின்ர படத்துக்குப் பக்கத்திலை மாட்டப்போறன். அவர் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

"ஓமக்கா" என்றார் கஸ்பர். வேறு என்ன சொல்ல முடியும்?

மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், தலைப்பாகையும் சரிகை வேட்டியுமாகத் தோழன் றூபன் இருந்தான். பொம்பிளையின் சகோதரன் தோழனாக இருப்பது எங்கள் வழக்கம். தோழனுக்கு ஒரு வேலையும் இல்லை, அழகாக இருந்தால் போதும். படம் பிடிக்கிறவனைத் தோழனாக இருத்தினால் அவன் சும்மா இருப்பானா? புருவத்தால் வீடியோக்காரனை அந்தப் பக்கம் போ என்றான். கண்ணால் லைற்றைக் கூட்டச் சொன்னான். ஐயர் இரண்டு தரம் அவனைத் திரும்பிப் பார்த்தார். துர்க்காவை அன்றைக்குக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வேலை தாயுடைய முகத்தையும் சனத்தையும் எடுப்பது. மணவறை முழுக்கக் கஸ்பர் பொறுப்பு. எப்போதும் அப்படித்தான் பிரித்துக்கொள்வார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியோடு எழுந்தான். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த சனம் முழுக்க எழும்பிப் போனைத் தூக்கியது. இந்த ஊர்க் கலியாணங்களில் இது ஒரு சாபக்கேடு. றூபனுக்குப் பொறுக்கவில்லை. தான் தோழன் என்பதை மறந்து, பாதி எழுந்து, மணமக்களின் தலைக்கு மேலால் கையை ஆட்டி, "போனை இறக்குங்கோ! போனை இறக்குங்கோ!" என்று சத்தம் போட்டான்.

கஸ்பர் கமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றார். நடுவில் அழுக்கு, ஓரத்தில் பூவும் அரிசியும் பறந்தன. பச்சைப் பெட்டி ஒரு முகத்தில் விழுந்து அப்படியே நின்றது, அசையவில்லை. கிடைத்துவிட்டது! விரலை எடுக்காமல் அமத்தினார். தாலி ஏறி, மேளம் ஓய்ந்து, ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போகும்வரைக்கும் அமத்தினார். அந்தோனியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை றோசலின் படங்களைத் திறந்தாள். கூறைச் சேலை, அம்மி மிதிப்பு, மாலை மாற்றியது எல்லாம் பரவாயில்லை. தாலி கட்டைக் கடைசியாகத் திறந்தாள். மவுஸை வேகவேகமாகத் தட்டத் தொடங்கினாள்.

"என்ன?" என்றார் கஸ்பர்.

"றூபன்" என்றாள் அவள். "எல்லாத்திலையும் றூபன்."

ஒரு படம் விடாமல் எல்லாவற்றிலும் தலைப்பாகையோடு றூபனுடைய முகம் கல்லில் செதுக்கியதுபோல் தெளிவாக இருந்தது. வாய் பிளந்து, கை தூக்கி, சனத்தை ஏசிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு வெள்ளைப் புகை, பொம்பிளை ஒரு சிவப்புப் புகை. தாலி எங்கே என்று தேடியும் காணவில்லை. கண் தெரிந்த எவனும் பெட்டி பிழையான முகத்தில் விழுந்ததை அந்த நொடியிலேயே கண்டு மாற்றியிருப்பான்.

"வீடியோவிலையிருந்து ஒண்டை எடுத்துக் குடுப்பமே?" என்றாள் றோசலின்.

"அந்த மனுசி அதைச் சுவரிலை பெரிசா மாட்டப்போறா. அதைப் பெரிசாக்கினா என்ன வரும்? ஒண்டும் வராது." கஸ்பர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தார். "முடிஞ்சுது, றோசலின். நான் இண்டைக்குச் சொல்லிப்போடப்போறன்."

"பொறுங்கோ. அவன் வரட்டும். முதல் பாக்கட்டும்."

றூபன் பின்னேரம் கலியாணப் பலகாரத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா இருக்க விடுறா இல்லை, தாலிகட்டுப் படத்தைக் கொண்டு வா எண்டு" என்றபடி கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். றோசலின் படங்களைத் திறந்துவிட்டாள்.

அவன் ஒன்றைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். கடைசிவரைக்கும் போய்த் திரும்ப முதலாவதுக்கு வந்தான். கஸ்பர் அவனுக்குப் பின்னால் நின்று, திட்டப்போகிறான், திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ர பிழை" என்றான் றூபன். குரல் உடைந்திருந்தது. "சும்மா இருக்கத் தெரியாத விசரன் நான். எழும்பிக் கத்தி, போகஸை என்ர மூஞ்சைக்கு இழுத்து, என்ர தங்கச்சின்ர தாலிகட்டுப் படத்தை நானே கெடுத்துப்போட்டன். அம்மாவிட்டை என்னெண்டு சொல்லுவன்? அப்பாவுக்குப் பக்கத்திலை இந்த மூஞ்சையையே மாட்டச் சொல்லுறது?"

"றூபன், உன்ர பிழை இல்லை."

"பின்னை ஆற்றை பிழை, அண்ணை? கண்ணுக்கு முன்னால தெரியுதே!"

"எனக்குக் கண் தெரியாது, தம்பி."

அவர் சொல்லிவிட்டார். பிறகு நிற்கவில்லை. சீனி வருத்தத்தைச் சொன்னார், கண்ணுக்குள் போட்ட ஊசியைச் சொன்னார், கார் ஓடாத காரணத்தைச் சொன்னார். மார்க்கத்தில் பிஞ்சு என்றது பொய், அந்தக் கமராவில் ஒரு குறையும் இல்லை, குறை என்னில் என்றார். "உன்ர முகத்திலை பெட்டி விழுந்ததை நான் காணேல்லை. மாப்பிள்ளை எண்டு நினைச்சு அமத்தினன். நீ எழும்பினதிலை பிழையில்லை, நான்தான் குருடன்."

றூபன் திரும்பி அவரைப் பார்த்தான். அவனுடைய கண் நிறைந்து வழிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தான்.

"துர்க்காவும் உதைத்தான் சொன்னவ" என்றான். "மார்க்கத்திலை பாத்தவவாம், அங்கிளுக்குக் கண் ஏதோ பிரச்சனை எண்டு நினைக்கிறன், ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுங்கோ எண்டு முந்தாநாள் எனக்குத் தனிய எழுதினவ. எனக்கு வந்த கோவத்திலை, நேற்றையான் வேலை முடிஞ்ச உடன அவவைக் குழுவிலையிருந்தே தூக்கிப்போட்டன். இனி ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடமாட்டம் எண்டும் சொல்லிப்போட்டன். இப்ப நீங்கள் எனக்காக அதையே சொல்லுறியள்."

"அந்தப் பிள்ளை சொன்னது உண்மையடா!" கஸ்பர் கத்தினார். "அவவைத் திருப்பிச் சேர். கூப்பிட்டு மன்னிப்புக் கேள்."

"குருடன் எடுத்த படமே உதுகள்? மாலை மாத்தினதைப் பாருங்கோ, என்ன மாதிரி நிக்குது! எங்கட பக்கத்திலை உப்பிடி எடுக்க ஆரிருக்கினம்?"

"கெட்டதை இவள் கழிச்சுப்போடுவாள். அதாலைதான் உனக்குத் தெரியாது. நம்பாட்டி இவளைக் கேள்." கஸ்பர் றோசலின் நின்ற பக்கம் கையை நீட்டினார். "சொல்லு, றோசலின். உள்ளதைச் சொல்லு."

றூபன் அவளைப் பார்த்தான். "அக்கா, உண்மையே?"

றோசலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவு பகலாக அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுடைய கண்ணும் சிவந்து போயிருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள், பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"அவர் உன்னிலை பாவம் பாத்துச் சொல்லுறார், தம்பி" என்றாள். "நீ மனம் உடைஞ்சுபோடுவாய் எண்டு பயந்து சொல்லுறார். அவற்றை குணம் உனக்குத் தெரியும்தானே."

கஸ்பர் இல்லையென்று கையை ஆட்டினார்.

றூபன் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல் அழுதான். "எனக்காகக் கண் இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது, அண்ணை? என்ர அப்பா இருந்தாலும் இப்பிடிச் செய்திருக்கமாட்டார். அம்மாவிட்டை நான் சொல்லுறன், என்ர பிழை எண்டு. அவ எனக்கு அடிச்சாலும் பரவாயில்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். சப்பாத்தைப் போட்டபடி, "சனிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயில்லை கலியாணம், மறந்திடாதேங்கோ. வெள்ளண வந்து ஏத்திறன்" என்றான்.

அவனுடைய வான் தெருமுனையில் திரும்புமுன் றோசலினுடைய போன் ஒலிக்கத் தொடங்கியது. நிற்காமல் ஒலித்தது. றூபன் தெருவோரத்தில் நிறுத்தி, நடந்ததையெல்லாம் குழுவில் குரற்பதிவாகப் போட்டிருந்தான். கூப்பிய கைகள் வந்து குவிந்தன. இப்படி ஒரு மனுசன் இனிப் பிறக்கமாட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கண்ணைக் குறை சொன்ன வாய் அழுகும் என்று இன்னொருவர்.

றோசலின் அவற்றை வாசித்துக் காட்டவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் பொய் சொன்னன், ஊரே நம்பிச்சுது" என்றார் கஸ்பர். "உண்மையைச் சொன்னன், நீ அதைப் பொய்யாக்கிப்போட்டாய். இனி நான் ஆரிட்டைப் போய்ச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம், றோசலின்."

"நம்பக்கூடாது எண்டுதான் சொன்னன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.